வன்தட்டு இல்லாத கணினி எவ்வாறு ஆரம்பிக்கிறது?

யுனிக்ஸ் முறைமையில் வலையமைப்பு அட்டையும் வன்தட்டற்ற பணிநிலையமும்



"கணினியின் பணிசெயல் முறைமை எங்கே சேமிக்கப்பட்டுள்ளது?" என்று கேட்டால் நீங்கள் உடனே "வன்தட்டில்" என்பீர்கள். சரியான விடைதான். ஆனால் வன்தட்டே இல்லாத ஒரு கணினி மேசை மீது இருக்கிறது, மின்னாளியை அழுத்தியதும் அது ஒழுங்காக வேலை செய்கிறது என்றால், அதன் பணிசெயல் முறைமை எங்கிருந்து வந்தது?

இந்த ஒரு வினாவுக்கு விடை தேடும்போது வலையமைப்பு அட்டை, ஐ.பி. முகவரி, பதினறும எண்கள், சேவையகம், நினைவகம் ஆகிய ஐந்து விடயங்களும் ஒன்றோடொன்று இணைவதைக் காண்பீர்கள். இவற்றைத் தனித்தனி அலகுகளாகப் பாடமாக்கிய மாணவர் பலர், சேர்த்துக் கேட்கும் வினாவில் தடுமாறுகிறார்கள். அத்தடுமாற்றத்தை நீக்குவதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

இப்பாடத்தின் முடிவில் நீங்கள்,
• வலையமைப்பு அட்டையின் முகவரிக்கும் ஐ.பி. முகவரிக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குவீர்கள்.
• வன்தட்டற்ற பணிநிலையம் ஆரம்பிக்கும் படிமுறைகளை ஒழுங்காக எழுதுவீர்கள்.
• ஐ.பி. முகவரியைப் பதினறும எண்ணாக மாற்றுவீர்கள்.
• கணினி எந்தப் படியில் நின்றுவிட்டது என்பதைக் கொண்டு பிழையைக் கண்டறிவீர்கள்.

கவனிக்குக: கட்டளைகளும் கோப்புப் பெயர்களும் கணினியில் ஆங்கில எழுத்துகளிலேயே தட்டச்சுச் செய்யப்படும். இங்கு அவற்றின் உச்சரிப்பு தமிழில் தரப்பட்டுள்ளது.

1. வன்தட்டற்ற பணிநிலையம் என்றால் என்ன?

தனக்கென முறைவழியாக்கியும் நினைவகமும் திரையும் விசைப்பலகையும் கொண்டு, வன்தட்டு மாத்திரம் இல்லாத கணினி வன்தட்டற்ற பணிநிலையம் எனப்படும். அதற்குத் தேவையான கோப்புகள் யாவும் வலையமைப்பிலுள்ள ஒரு சேவையகத்தின் வன்தட்டில் இருக்கும்.

யுனிக்ஸ் பணிசெயல் முறைமை 1969 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன், டெனிஸ் ரிச்சி ஆகியோரால் தொடங்கப்பட்டது. 1982 இல் கலிபோர்னியாவில் ஆரம்பிக்கப்பட்ட சண் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் யுனிக்ஸில் இயங்கும் பணிநிலையங்களைத் தயாரித்தது. 1980களின் நடுப்பகுதியில் அது வெளியிட்ட சண் 3/50 எனும் பணிநிலையத்தில் இருந்தவை மோட்டரோலா 68020 முறைவழியாக்கியும் 4 மெகாபைற்று நினைவகமும் ஆகும். அக்காலத்தில் வன்தட்டு விலை கூடிய பொருள். எனவே ஒவ்வொரு மேசைக்கும் ஒரு வன்தட்டு வாங்காமல், ஒரு சேவையகத்துக்குப் பெரிய வன்தட்டு ஒன்றை வாங்கி, பல பணிநிலையங்கள் அதனைப் பகிர்ந்துகொண்டன. நாம் இப்பாடத்தில் சண் முறையையே உதாரணமாக எடுப்போம். அதன் படிகள் தெளிவானவை. பின்னர் வந்த முறைகளும் அவற்றையே பின்பற்றின.

மாணவர் அடிக்கடி விடும் பிழை: வன்தட்டற்ற பணிநிலையமும் முனையமும் ஒன்றல்ல. முனையத்தில் நீங்கள் விசையை அழுத்துகிறீர்கள்; கணித்தல் சேவையகத்தில் நடக்கிறது. வன்தட்டற்ற பணிநிலையத்தில் கோப்பு மாத்திரமே சேவையகத்திலிருந்து வருகிறது. கணித்தல் அதன் சொந்த முறைவழியாக்கியில் நடக்கிறது. இந்த ஒரு வரியை எழுதினால் வேறுபாட்டு வினாவுக்கு விடை கிடைத்துவிடும்.

2. இரண்டு முகவரிகள்

வலையமைப்பு அட்டை ஒவ்வொன்றுக்கும் தயாரிக்கும்போதே ஒரு முகவரி கொடுக்கப்படுகிறது. இதனை வன்பொருள் முகவரி அல்லது மக் முகவரி என்பர். இது 48 பிற்றுகள், அதாவது 6 பைற்றுகள் கொண்டது. ஒவ்வொரு பைற்றும் இரண்டு பதினறும இலக்கங்களாக எழுதப்படும்.

உதாரணம்: 08:00:20:01:36:47

முதல் 24 பிற்றுகள் தயாரித்த நிறுவனத்தைக் குறிக்கும். 08:00:20 என்பது சண் நிறுவனத்துக்குரியது. எஞ்சிய 24 பிற்றுகள் அந்நிறுவனம் ஒவ்வொரு சாதனத்துக்கும் வழங்கும் தொடரிலக்கம் ஆகும்.

ஐ.பி. முகவரி அவ்வாறு பிறப்பிலேயே வருவதன்று. அது 32 பிற்றுகள் கொண்டது. வலையமைப்பை நிருவகிப்பவர் அல்லது ஒரு சேவையகம் வழங்குவது. இடம் மாறினால் மாறக்கூடியது.

இதனை இவ்வாறு நினைவிற் கொள்ளுங்கள். உங்கள் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின் இலக்கம் நீங்கள் எந்த ஊரிற் குடியிருந்தாலும் மாறாது. அது மக் முகவரி போன்றது. வீட்டு இலக்கமும் வீதியும் குடிமாறினால் மாறும். அது ஐ.பி. முகவரி போன்றது.

3. வலையமைப்பு அட்டையை அமைத்தல்

வன்தட்டு உள்ள யுனிக்ஸ் கணினியில் அட்டைக்கு ஐ.பி. முகவரி கொடுப்பதற்கு இவ்கொன்பிக் எனும் கட்டளை பயன்படுகிறது. "இடைமுகத்தை அமை" என்பது அதன் பொருள்.

இவ்கொன்பிக் லீ0 192.168.1.10 நெட்மாஸ்க் 255.255.255.0 அப்

இக்கட்டளையின் பகுதிகள்:
• லீ0 – அட்டையின் பெயர். சண் 3/50 இலுள்ள ஈதர்நெற் இடைமுகத்தின் பெயர் இது. பூச்சியம் என்பது முதலாவது அட்டை என்பதைக் குறிக்கும். இரண்டாவது அட்டை இருந்தால் அது லீ1 ஆகும். லினக்ஸில் நெடுங்காலமாக ஈத்0 எனும் பெயர் வழங்கியது.
• 192.168.1.10 – அட்டைக்கு வழங்கும் ஐ.பி. முகவரி.
• 255.255.255.0 – உபவலை மறைப்பு. முதல் மூன்று எண்களும் வலையமைப்பையும் கடைசி எண் கணினியையும் குறிக்கும் என்பதை இது சொல்கிறது.
• அப் – அட்டையைச் செயற்படுத்து.

கடைசி எண்ணுக்கு 0 முதல் 255 வரை 256 பெறுமானங்கள் உண்டு. 0 வலையமைப்பைக் குறிக்கவும் 255 எல்லாக் கணினிகளுக்கும் ஒரே நேரத்தில் அனுப்பவும் ஒதுக்கப்படும். ஆகவே கணினிகளுக்கு எஞ்சுபவை 254 முகவரிகள்.

இன்றைய லினக்ஸில் ஐபி எனும் புதிய கட்டளையே இவ்வேலைக்குப் பெரிதும் பயன்படுகிறது. கட்டளையின் பெயர் மாறினாலும் கொடுக்க வேண்டிய விபரங்கள் அவையே: எந்த அட்டை, என்ன முகவரி, என்ன மறைப்பு.

இனி ஒரு சிக்கல். இக்கட்டளையைத் தட்டச்சுச் செய்ய வேண்டுமானால் பணிசெயல் முறைமை முதலிலேயே இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். வன்தட்டற்ற கணினியிலோ பணிசெயல் முறைமையே இல்லை. அதனைப் பெற வலையமைப்பு வேண்டும். வலையமைப்பைப் பயன்படுத்த முகவரி வேண்டும். முகவரியை யார் கொடுப்பது?

4. ஆரம்பிக்கும் படிமுறைகள்

எமது ஆய்வுகூடத்தில் சேவையகத்தின் பெயர் தாமரை, வன்தட்டற்ற பணிநிலையத்தின் பெயர் மல்லிகை என வைத்துக்கொள்வோம். மல்லிகைக்கு மின் கொடுக்கிறோம்.

படி 1: "நான் யார்?"
தாய்ப்பலகையிலுள்ள வாசிப்பு மாத்திர நினைவகத்தில் ஒரு சிறிய செய்நிரல் உண்டு. மின் வந்ததும் அது இயங்கும். அதற்குத் தெரிந்தது தன் மக் முகவரி ஒன்றே. ஆகவே வலையமைப்பிலுள்ள எல்லோரையும் நோக்கி, "எனது வன்பொருள் முகவரி 08:00:20:01:36:47. எனது ஐ.பி. முகவரி என்ன?" என்று கேட்கிறது. இக்கேள்விக்கான நடப்பொழுங்கு ரார்ப் எனப்படும். இது 1984 இல் வெளியிடப்பட்டது.

படி 2: சேவையகம் பதில் சொல்கிறது
தாமரையில் இரண்டு கோப்புகள் உள்ளன.
ஈதர்ஸ் கோப்பில்: 08:00:20:01:36:47 மல்லிகை
ஹோஸ்ட்ஸ் கோப்பில்: 192.168.1.21 மல்லிகை
முதற் கோப்பில் வன்பொருள் முகவரிக்குரிய பெயரையும், இரண்டாவதில் அப்பெயருக்குரிய ஐ.பி. முகவரியையும் பார்த்து, "நீ 192.168.1.21" எனத் தாமரை பதில் அனுப்புகிறது.

படி 3: ஆரம்பிக்கும் செய்நிரலைப் பெறுதல்
மல்லிகை இப்போது ரி.எவ்.ரி.பி. எனும் எளிய கோப்பு மாற்று நடப்பொழுங்கின் மூலம் ஒரு கோப்பைக் கேட்கிறது. எந்தக் கோப்பை? தனது ஐ.பி. முகவரியைப் பதினறும எண்ணாக மாற்றி, அதனையே கோப்பின் பெயராகக் கொண்டு கேட்கிறது. இதனை அடுத்த பகுதியிற் செய்து பார்ப்போம்.

படி 4: "எனது மூல உறை எங்கே?"
கிடைத்த செய்நிரல் நினைவகத்தில் ஏற்றப்பட்டு இயங்குகிறது. அது தாமரையிடம் தன் கோப்புகள் இருக்கும் இடத்தைக் கேட்கிறது. தாமரை பூட்பராம்ஸ் எனும் கோப்பைப் பார்த்து, மல்லிகையின் மூல உறை /எக்ஸ்போர்ட்/ரூட்/மல்லிகை எனவும் இடமாற்றுப் பரப்பு /எக்ஸ்போர்ட்/ஸ்வொப்/மல்லிகை எனவும் பதில் அளிக்கிறது.

படி 5: பணிசெயல் முறைமை ஏற்றப்படுதல்
என்.எவ்.எஸ். என்பது தொலைவிலுள்ள கோப்புகளைச் சொந்த வன்தட்டில் உள்ளவை போலவே பயன்படுத்த உதவும் முறை. இதனைச் சண் நிறுவனம் 1984 இல் உருவாக்கியது. இம்முறையில் மல்லிகை தன் மூல உறையைத் திறந்து, யுனிக்ஸின் கருவை நினைவகத்தில் ஏற்றுகிறது. கரு இயங்கத் தொடங்கியதும் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் வரி திரையில் தோன்றுகிறது.

ஒவ்வொரு பணிநிலையத்துக்கும் மூல உறை தனியாக இருக்கும். ஏனெனில் கணினியின் பெயர், அதன் அமைப்புகள் என்பன அதிலே உள்ளன. ஆனால் செய்நிரல்கள் அடங்கிய யூஎஸ்ஆர் எனும் உறையை எல்லாப் பணிநிலையங்களும் பொதுவாக, வாசிப்பதற்கு மாத்திரம், பகிர்ந்துகொள்ளும். இதனால் சேவையகத்தில் இடம் மிச்சமாகும்.

5. பதினறும எண் இங்கே ஏன் வருகிறது?

"சேர், இந்தப் பதினறும எண் மாற்றம் வாழ்க்கையில் எங்கே உதவும்?" என்று ஆண்டுதோறும் ஒரு மாணவராவது கேட்பதுண்டு. இங்கே உதவுகிறது.

பதினறும முறையில் 10 – ஏ, 11 – பி, 12 – சி, 13 – டி, 14 – ஈ, 15 – எவ்.

192.168.1.21 இன் ஒவ்வோர் எண்ணையும் 16 ஆல் வகுக்க:
192 ÷ 16 = 12, மீதி 0 → சி0
168 ÷ 16 = 10, மீதி 8 → ஏ8
1 ÷ 16 = 0, மீதி 1 → 01
21 ÷ 16 = 1, மீதி 5 → 15

ஆகவே மல்லிகை கேட்கும் கோப்பின் பெயர் சி0ஏ80115 ஆகும். ஒவ்வோர் எண்ணும் ஒரு பைற்று என்பதால் இரண்டு இலக்கங்கள் கட்டாயம் வேண்டும். 01 இலுள்ள பூச்சியத்தை விட்டுவிட்டால் பெயர் மாறிவிடும், கோப்புக் கிடைக்காது, மல்லிகை ஆரம்பிக்காது. பரீட்சையில் அப்பூச்சியத்தை விட்டால் புள்ளி குறையும். இங்கே கணினியே நின்றுவிடும்.

6. பிழை எங்கே?

நான் கலைப்பட்டதாரி. கணினியைப் பல்கலைக்கழகத்திற் பாடமாகப் படித்தவனல்லன். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆய்வுகூடத்தில் வன்தட்டுப் பழுதான ஒன்பது பழைய கணினிகளை ஒரு லினக்ஸ் சேவையகத்துடன் இணைக்க முயன்றோம். எட்டு இயங்கின. ஒன்று இயங்கவில்லை. வடத்தை மாற்றினேன், ஆளியின் துறையை மாற்றினேன், அட்டையையும் கழற்றிப் பூட்டினேன். ஒரு மாலைப்பொழுது வீணாயிற்று. அருகில் நின்ற பத்தாந்தர மாணவி ஒருத்தி நான் கையால் எழுதி வைத்திருந்த முகவரித் தாளைப் பார்த்து, "சேர், இது எட்டா, பி யா?" என்று கேட்டாள். அது ஆங்கில எழுத்தான பி. நான் சேவையகத்தில் 8 எனப் பதிந்திருந்தேன். திருத்தியதும் கணினி ஆரம்பித்தது.

அன்று நான் விட்ட பெரிய பிழை அந்த எழுத்தன்று. படிமுறையை யோசிக்காமல் கைக்கு எட்டியதையெல்லாம் மாற்றியதே பிழை. கணினி எந்தப் படியில் நின்றது எனப் பார்த்திருந்தால் ஐந்து நிமிடத்திற் கண்டுபிடித்திருக்கலாம். சண் முறையைக் கொண்டு கீழ்வருமாறு யோசியுங்கள்.

• ஐ.பி. முகவரியே கிடைக்கவில்லை: வடம், அட்டை, ஈதர்ஸ் கோப்பிலுள்ள மக் முகவரி ஆகியவற்றைப் பார்க்க.
• முகவரி கிடைத்தது, கோப்பு வரவில்லை: பதினறும எண்ணிலான கோப்புப் பெயரையும் ரி.எவ்.ரி.பி. சேவை இயங்குகிறதா என்பதையும் பார்க்க.
• செய்நிரல் வந்தது, மூல உறை திறக்கவில்லை: பூட்பராம்ஸ் கோப்பையும் உறைகளைப் பகிர அனுமதிக்கும் எக்ஸ்போர்ட்ஸ் கோப்பையும் பார்க்க.
• எல்லாம் நன்று, இடையிடையே தடைப்படுகிறது: வேறொரு கணினிக்கும் அதே ஐ.பி. முகவரி கொடுக்கப்பட்டுள்ளதா எனப் பார்க்க.

ஒரு படி வெற்றியடைந்தது என்றால் அதற்கு முந்திய படிகள் யாவும் சரி. ஆகவே தேட வேண்டிய இடம் குறுகிவிடுகிறது.

7. நன்மைகளும் தீமைகளும்

நன்மைகள்: வன்தட்டுச் செலவு இல்லை. மென்பொருளை ஓரிடத்தில் நிறுவினால் எல்லாக் கணினிகளுக்கும் போதும். காப்புப் பிரதியும் ஓரிடத்தில் எடுக்கலாம். ஒரு பணிநிலையம் பழுதானாலும் பயனரின் கோப்புகள் பாதுகாப்பாக இருக்கும்.

தீமைகள்: சேவையகம் நின்றால் எல்லாம் நிற்கும். வலையமைப்பில் நெரிசல் உண்டாகும். நினைவகம் போதாதபோது இடமாற்றுப் பரப்பும் வலையமைப்பின் ஊடாகவே பயன்படுவதால் வேகம் குறையும். ரி.எவ்.ரி.பி. கடவுச்சொல் கேட்பதில்லை, ஆகவே அதன் மூலம் திறந்துவிடும் உறையில் இரகசியக் கோப்புகளை வைக்கக்கூடாது.

நெரிசலைக் கணித்துப் பார்ப்போம். பழைய ஈதர்நெற்றின் வேகம் செக்கனுக்கு 10 மெகாபிற்று. 1 மெகாபைற்று = 8 மெகாபிற்று. எனவே 1 மெகாபைற்றுக் கருவை ஏற்ற ஆகக் குறைந்தது 8 ÷ 10 = 0.8 செக்கன் வேண்டும். ஒரே வடத்தைப் பகிரும் 20 கணினிகளும் காலையில் ஒன்றாக ஆரம்பித்தால் 20 × 0.8 = 16 செக்கன். நடைமுறையில் மோதல்களால் இன்னும் கூடும்.

8. பின்னர் வந்த மாற்றங்கள்

ரார்ப் ஐ.பி. முகவரியை மாத்திரமே தரும். அது வழிப்படுத்தியைத் தாண்டியும் செல்லாது. இக்குறைகளைப் போக்க 1985 இல் பூட்பி எனும் நடப்பொழுங்கு வந்தது. அது முகவரியுடன் நுழைவாயில் முகவரியையும் ஆரம்பிக்கும் கோப்பின் பெயரையும் தந்தது. 1993 இல் டி.எச்.சி.பி. வந்தது. இது முகவரியைக் குறித்த காலத்துக்கு வாடகைக்கு விடுவது போல வழங்குகிறது. 1990களின் இறுதியில் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட பி.எக்ஸ்.இ. முறை, டி.எச்.சி.பி., ரி.எவ்.ரி.பி. இரண்டையும் சாதாரண கணினியின் வலையமைப்பு அட்டைக்கே கொண்டுவந்தது. அது இன்றும் பயன்பாட்டில் உள்ளது. சண் நிறுவனம் 2010 இல் ஒராக்கிள் நிறுவனத்தின் வசமாயிற்று. எனினும் அது உருவாக்கிய என்.எவ்.எஸ். இன்னும் பயன்படுத்தப்படுகிறது.

9. மாதிரி வினாக்கள்

1. வன்தட்டற்ற பணிநிலையம் மின் பெற்றவுடன் அறிந்திருக்கும் முகவரி யாது?
(1) ஐ.பி. முகவரி (2) மக் முகவரி (3) நுழைவாயில் முகவரி (4) சேவையகத்தின் முகவரி

2. பின்வருவனவற்றை ஒழுங்குபடுத்துக: (அ) கருவை ஏற்றல் (ஆ) ஐ.பி. முகவரியைப் பெறல் (இ) ஆரம்பிக்கும் செய்நிரலைப் பெறல் (ஈ) மூல உறையின் இடத்தை அறிதல்

3. 192.168.2.43 எனும் முகவரியுடைய பணிநிலையம் கேட்கும் கோப்பின் பெயரை எழுதுக. அப்பெயரின் கடைசி எழுத்தை 8 எனத் தவறாக எழுதினால், அது எந்த முகவரிக்குரிய பெயராக மாறும்?

4. ரி.எவ்.ரி.பி. ஒரு கோப்பை 512 பைற்றுத் துண்டுகளாக அனுப்பும். 512 இலும் குறைந்த துண்டு வந்தால் கோப்பு முடிந்தது என்பது பொருள். 1000 பைற்று, 1024 பைற்றுக் கோப்புகளுக்கு எத்தனை துண்டுகள் வேண்டும்?

5. ஒரு பணிநிலையத்தின் பழுதடைந்த வலையமைப்பு அட்டைக்குப் பதிலாகப் புதிய அட்டை பூட்டப்பட்டது. அதன் பின் சேவையகம் அதற்கு ஐ.பி. முகவரி வழங்கவில்லை. காரணமும் தீர்வும் தருக.

விடைகள்

1. (2)
2. ஆ, இ, ஈ, அ
3. 192 – சி0, 168 – ஏ8, 2 – 02, 43 – 2பி. எனவே சி0ஏ8022பி. தவறாக எழுதினால் கடைசி எண் 28 ஆகும். 2 × 16 + 8 = 40. ஆகவே 192.168.2.40 இற்குரிய பெயராகிவிடும்.
4. 1000 = 512 + 488; 2 துண்டுகள். 1024 = 512 + 512 + 0; 3 துண்டுகள். முடிவை அறிவிக்க வெறுந்துண்டு ஒன்று அவசியம்.
5. புதிய அட்டையின் மக் முகவரி வேறு. சேவையகத்தின் பதிவில் பழைய முகவரியே உள்ளது. அதனைப் புதிய முகவரியாக மாற்ற வேண்டும்.

இறுதியாக ஒன்று. படிமுறை வினாக்களை வரிசையாக மனனம் செய்யாதீர்கள். ஒவ்வொரு படியிலும் "இக்கணினிக்கு இப்போது என்ன தெரியும்? இனி என்ன தெரிய வேண்டும்?" என்று கேளுங்கள். அடுத்த படி தானாகவே வரும். ஒன்று மறந்தாலும் யோசித்து எழுதலாம். மனனம் செய்தவர் ஒரு படியை மறந்தால் மிகுதி எல்லாவற்றையும் மறந்துவிடுவார்.

மூன்றாம் வினாவை விடையைப் பார்க்காமல் இன்றே ஒரு தாளிற் செய்து பாருங்கள். எழுதும்போது எட்டையும் பி யையும் தெளிவாக எழுதுங்கள்.